படைக்கலம் ஏந்தாத குடிகாவலர்

(கோவையில் நிகழ்ந்த தமிழுணர்வாளர் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஈழப்போர் பற்றிப் பேசுக என்றே என்னைப் பணித்தனர். போரைப் பற்றிப் பேச இங்குப் பலர் உளர். களங்களின் பெயரும் படைத்தலைவர்களின் பெயரும் நம் இளைஞர்க்கு மனப்பாடம். அப்போரின் நடுவே, கையில் படைக்கலமின்றி, மக்களைக் காக்க முயன்றாரைப் பற்றியே யான் இன்று பேசவிருக்கிறேன். அவர்களின் பெயர்கள் நம் மேடைகளில் ஒலிப்பது குறைவு. அக்குறையை ஓரளவேனும் போக்குதல் வேண்டும் என்பது என் விழைவு.

தமிழாசிரியன் ஆதலின் புறநானூற்றிலிருந்து தொடங்குவதைப் பொறுத்தருள்க. அதன் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார் என்னும் புலவர், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் போர்முறையைப் புகழ்கிறார். அவன் படையெடுக்குமுன், ஆக்களையும் பார்ப்பாரையும் பெண்டிரையும் நோயாளரையும் மகப்பேறு இல்லாதாரையும் முன்னறிவித்து, யாம் அம்பு விடப்போகின்றோம், நீவிர் அரண் தேடிக்கொள்ளுங்கள் என்று கூறுவானாம். பார்ப்பார் என்ற சொல் வருவது கண்டு நம் தோழர் சிலர் முகஞ்சுளிப்பது தெரிகிறது. படைக்கலம் ஏந்தாதவர் என்ற அளவில் கொண்டு அதனைக் கடந்து செல்வோம்.

1864 இல் செனீவாவில் முதல் உடன்படிக்கை எழுதப்பட்டது. பொதுமக்கள் காப்புக்கென்றே ஒரு தனி உடன்படிக்கை 1949 இல்தான் வந்தது. அதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு முன்னரே தமிழன் கண்ட போரறம் இது என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பேசுவது தவறன்று. ஆயினும் அதே நெட்டிமையார் அதே மன்னனைப் பாடிய பதினைந்தாம் பாட்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். அதில் பகைவரின் ஊரை அழித்து, அங்குக் கழுதைகளைப் பூட்டி உழுது பாழாக்கிய செய்தி புகழாகப் பாடப்பெறுகிறது. கழுதை ஏர் பூட்டிய நிலத்தில் குடியிருந்த உழவன் எங்கே போனான்? அவன் பெண்டும் பிள்ளையும் எங்கே? பாட்டு அதனைக் கூறவில்லை. முன்னறிவிப்புச் செய்தவனும் அவனே, பாழ்செய்தவனும் அவனே. அறம் நூலில் இருந்துவிட்டால் மட்டும் குடிகள் காக்கப்பட்டுவிடமாட்டார்கள் என்பதற்கு இவ்விரு பாட்டும் அருகருகே வைத்துக் காணத்தக்கன.

எனவே, மன்னனின் அறத்தை விட்டு, அம்மன்னன்முன் எழுந்து நின்று பேசியவனைப் பார்ப்போம். கோவூர் கிழார்! வேளாண்குடிப் பெயர் தாங்கிய அப்புலவர் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். சோழன் கிள்ளிவளவன், மலையமானின் சின்னஞ்சிறு மக்களை யானைக்காலில் இட நின்றபோது இடையே புகுந்து பேசினார். அப்பிள்ளைகள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையையே மறந்து நிற்பதை அவனுக்குச் சுட்டிக்காட்டினார். இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, இவன் பரிசில் தேடி வாழும் எளியோன் என்று சொல்லி மீட்டார். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, இருவரும் சூடியது ஒரே ஆத்தி மாலை, எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்றார்.

இவற்றினும் எனக்கு வியப்பளிப்பது நாற்பத்துநான்காம் பாட்டு. ஆவூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு நெடுங்கிள்ளி உள்ளே இருக்கிறான். வெளியே நலங்கிள்ளியின் முற்றுகை. உள்ளே யானைகள் உணவின்றி வாடுகின்றன. பாலின்றிக் குழவிகள் அலறுகின்றன. பெண்டிர் பூவின்றி வெறுந்தலை முடிக்கின்றனர். நீரற்ற வீடுகளில் அழுகுரல் எழுகிறது. புலவர் இக்காட்சியைக் கூறுவது முற்றுகையிட்டவனிடமன்று, கோட்டைக்குள் இருப்பவனிடம். அறவோன் ஆயின் உனதே என்று கதவைத் திறந்துவிடு, மறவோன் ஆயின் போருக்குத் திற, இரண்டுமின்றி மக்களை உள்ளே வைத்துக் கதவடைத்துக் கிடப்பது நாணத்தக்கது என்கிறார். இப்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீள்வேன்.

அப்புலவரின் முயற்சி முற்றும் வென்றதா எனின், இல்லை. நெடுங்கிள்ளி காரியாற்றுத் துஞ்சியவன் என்றே பெயர் பெற்றான், போரில்தான் மடிந்தான். எனினும் மலையமானின் பிள்ளைகளுக்காகப் பேசிய வாயும், இளந்தத்தனுக்காகப் பேசிய வாயும் வீணாயின என்று எவரும் கூறார்.

இனி ஈழத்திற்கு வருவோம்.

1980களில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் திருக்கோணமலையிலும் குடிமக்கள் குழுக்கள் தோன்றின. பிரசைகள் குழு என்று அங்கு வழங்குவர். பிரசை வடசொல், நாம் குடிமக்கள் குழு என்றே கூறுவோம். ஆசிரியர், பாதிரிமார், வழக்குரைஞர், வணிகர், ஓய்வு பெற்ற அலுவலர் முதலியோர் அதில் இருந்தனர். இவர்கள் என்ன செய்தார்கள்? இளைஞன் ஒருவன் படையினரால் பிடிக்கப்பட்டான் என்று தாய் ஓடிவந்தால், பெயரையும் அகவையையும் பிடித்த இடத்தையும் நேரத்தையும் எழுதிக்கொண்டார்கள். எழுதிய தாளோடு படைமுகாமின் வாயிலுக்குச் சென்றார்கள். அங்கே இல்லை என்றால் அடுத்த முகாமுக்கு. ஒருவனின் பெயர் எழுதப்பட்டுவிட்டது, அவனைத் தேடி ஊரார் வந்துவிட்டனர் என்பது தெரிந்தால் அவன் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகும். பெயர் எழுதப்படாதவனை மறைப்பது எளிது. இவ்வளவே அவர்களின் போர்க்கருவி. ஒரு சுவடியும் ஓர் எழுதுகோலும்.

1984 இல் யாழ்ப்பாணத்தில் ஐந்நூறு இளைஞர் அளவில் ஒருசேரப் பிடித்துச் செல்லப்பட்டபோது, அவர்களின் தாய்மார் அன்னையர் முன்னணி என்னும் பெயரில் திரண்டு அரசு முகவரின் அலுவலகம் நோக்கி நடந்தனர். அடுப்படியையும் கோயிலையும் அன்றி வேறு அறியாத பெண்டிர் என்று எவரை எண்ணியிருந்தனரோ, அவர்களே தெருவை நிறைத்தனர். மட்டக்களப்பு அன்னையர் முன்னணியைச் சார்ந்த அன்னை பூபதியை நீங்கள் அறிவீர்கள். 1988 மார்ச்சு 19 அன்று மாமாங்கப் பிள்ளையார் கோயில் முன்றிலில் உண்ணாநோன்பு தொடங்கி, ஏப்பிரல் 19 அன்று உயிர் நீத்தார். அவர் கேட்டவை இரண்டே: போரை நிறுத்துக, புலிகளோடு பேசுக. கேட்டது சிங்கள அரசை அன்று, இந்திய அரசை! அதற்கு முந்தைய ஆண்டு, 1987 அக்டோபர் 21, 22 ஆகிய நாள்களில், யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளரையும் மருத்துவரையும் செவிலியரையும் சுட்டது அமைதி காக்க என்று சென்ற இந்தியப் படை. கைகளை உயர்த்திக்கொண்டு, யாங்கள் மருத்துவப் பணியாளர் என்று கூறி வந்த மருத்துவரும் சுடப்பட்டார். நம் வரிப்பணத்தில் வாங்கிய குண்டுகள் அவை.

பாதிரிமார் கொடுத்த விலை பெரிது. 1984 திசம்பரில் மன்னார்ப் பகுதியில் மெதடித்தத் திருச்சபையைச் சார்ந்த செயராசசிங்கம் கொல்லப்பட்டார். 1985 சனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பசுத்தியான் கொல்லப்பட்டார். மட்டக்களப்புக் குடிமக்கள் குழுவின் தலைவராயிருந்த அருள்தந்தை சந்திரா பெர்னாந்து 1988 சூன் 6 அன்று தம் கோயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இம்மூன்றாவது கொலையின் பழி சிங்களப் படைமேல் சார்த்தப்படவில்லை. அந்நாளில் இந்தியப் படையை அண்டி நின்ற தமிழ்க் குழுவின் மேலேயே சார்த்தப்பட்டது. 1990 ஆகத்து 15 அன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிய அமெரிக்கப் பாதிரியார் இயூசின் ஏபர்ட்டும் அவருடன் சென்ற தமிழ் இளைஞனும் வழியில் காணாமற் போயினர். இன்றுவரை தடயம் இல்லை. எங்கிருந்தோ வந்து மட்டக்களப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் பயிற்றியவர். அவருக்குத் தமிழினம் ஒரு கல்லேனும் நட்டிருக்க வேண்டும்.

அதே 1990 இல் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் பல்லாயிரவர்க்குப் புகலிடமாயிற்று. அதனைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள் அங்கிருந்த விரிவுரையாளர்களே. அரிசியைப் பங்கிடுவதும் கிணற்றுநீருக்கு முறை வைப்பதும் வந்தவர்களைப் பதிவு செய்வதுமாக அவர்கள் உழைத்தனர். செப்டம்பர் 5 அன்று படை வந்து சுற்றிவளைத்தது. 158 பேரைப் பிரித்துக் கொண்டு போயிற்று. ஒருவரும் மீளவில்லை. அந்தப் படையை அவ்விரிவுரையாளர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் 158 என்னும் எண் நம் கையில் இருப்பது அங்கிருந்தோர் அதனைக் கணக்கில் வைத்துப் பின்னர் உசாவல் ஆணையத்தின்முன் அஞ்சாது சான்று சொன்னதால்தான். இல்லையேல் அதுவும் 'பலர்' என்ற சொல்லுக்குள் புதைந்திருக்கும்.

மடு மாதா கோயிலை 1990 முதல் ஏதிலியர் புகலிடமாக உலக நாடுகள் மன்றத்தின் ஏதிலியர் ஆணையமும் ஏற்று நடத்தியது. படைக்கலத்தோடு எவரும் உள்ளே வரலாகாது என்பது உடன்பாடு. அவ்வுடன்பாடு பல ஆண்டு உயிர் காத்தது; 1999 நவம்பர் 20 அன்று உடைந்தது. எறிகணை வீழ்ந்து கோயிலுக்குள்ளேயே நாற்பது பேர் அளவில் மாண்டனர். அதற்கு முன், 1995 சூலை 9 அன்று, நவாலித் தூய பேதுரு கோயிலில் தங்கியிருந்தோர்மேல் வானூர்தி குண்டு வீசிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். கோயிலுக்குள் புகுந்தால் காப்பு உண்டு என்பது மக்களின் நம்பிக்கை. அரசு அந்நம்பிக்கையையே இலக்காகக் கொண்டது என்று கூறுவது மிகையன்று. 1995 சூலையிலேயே பொசுனியாவின் சிரெபிரெனிகாவில், உலக நாடுகள் மன்றம் காப்பிடம் என்று அறிவித்த ஊரில், எண்ணாயிரம் ஆண்கள் கொல்லப்பட்டனர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். காப்பிடம் என்று தாளில் எழுதுவதும், அதன் வாயிலில் நின்று காப்பதும் வேறு வேறு.

அதனை வன்னியில் கண்டோம். 2008 செப்டம்பரில் உலக நாடுகள் மன்றத்தின் பணியாளரை வெளியேறுமாறு இலங்கை அரசு கூறியது. கிளிநொச்சியில் அவர்களின் அலுவலக வாயிலில் மக்கள் கூடி, எங்களை விட்டுப் போகாதீர் என்று மன்றாடினர். அவர்கள் போய்விட்டனர். அது பெருந்தோல்வி என்று அம்மன்றத்தின் உள்ளாய்வே 2012 இல் ஒப்புக்கொண்டது. நான்கு ஆண்டு கழித்து!

2009 சனவரியில் முதல் போர் தவிர்ப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. பிப்பிரவரியில் இரண்டாவது, மே 8 அன்று மூன்றாவது, அது முள்ளிவாய்க்கால் கடற்கரையின் சிறு துண்டு. முதுகுடுமி அரண் சேருங்கள் என்று அறிவித்துவிட்டு அரணுக்கு வெளியே அம்பு விட்டான். இலங்கை அரசோ அரண் இது என்று காட்டிவிட்டு அதற்குள்ளேயே எறிகணை வீசிற்று. பட்டினியும் ஒரு படைக்கலமாயிற்று. உள்ளே இருந்த அரசு அலுவலர்கள், பிப்பிரவரி அளவில் ஏறத்தாழ 3,30,000 மக்கள் உள்ளனர் என்று கணக்கு எழுதி அனுப்பினர். கொழும்பு, 70,000 பேரே என்றது. அந்த எண்ணுக்கு ஏற்பவே உணவும் மருந்தும் போயின. ஒரு கணக்கைக் குறைத்து எழுதுவது எத்துணைக் குழந்தைகளின் வாயிலிருந்து கஞ்சியைப் பறிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சத்தியமூர்த்தி, வரதராசா, சண்முகராசா ஆகிய அரசு மருத்துவர்கள், மருத்துவமனை பள்ளிக்கூடத்துக்கும் பின் கூடாரத்துக்கும் மாறி மாறி இடம்பெயர, மயக்க மருந்தும் குருதியும் இல்லாத நிலையில் அறுவை செய்தனர். இறந்தோர் காயமுற்றோர் கணக்கை நாள்தோறும் வெளியுலகுக்குக் கூறினர். போர் முடிந்ததும் அவர்களைச் சிறைப்படுத்தினர். கூறிய கணக்கை மறுத்துச் செய்தியாளர்முன் பேசவும் வைத்தனர். மருந்து கொடுத்ததைவிட எண்ணைக் கூறியதே அரசுக்குப் பெருங்குற்றமாகப் பட்டது. இறுதித் திங்கள்களில் 40,000 பேர் வரை மடிந்திருக்கலாம் என்று 2011 இல் உலக நாடுகள் மன்றத்தின் வல்லுநர் குழு எழுதியது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, அரசின் சொந்த ஏடுகளிலிருந்தே கணக்கிட்டு, 1,46,679 பேர் என்ன ஆயினர் என்று அதே ஆண்டு சனவரியில் அரசு ஆணையத்தின் முகத்துக்கு நேரே வினவினார். 2021 ஏப்பிரல் 1 அன்று அவர் மறைந்தார். வினா மறையவில்லை.

தோழர்களே, இனிக் கூறப்போவது சிலர்க்குக் கசக்கும். கோவூர் கிழார் கோட்டைக்குள் இருந்தவனிடம் பேசினார் என்றேன் அல்லவா? அவ்வல்லுநர் குழுவின் அறிக்கையை நாம் மேடையில் உயர்த்திப் பிடிக்கிறோம். அதன் ஒரு பகுதியை மட்டும் படிக்கிறோம். பெரும்பாலான சாவு அரசின் எறிகணைகளால் என்று அதில் உள்ளது. புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்தனர், வெளியேற முயன்றோரைச் சுட்டனர், சிறுவரையும் வலிந்து படையில் சேர்த்தனர் என்பனவும் அதில் உள்ளன. ஒரு பகுதி உண்மை, மறுபகுதி பொய் என்று கூற நமக்கு என்ன கரணியம்? அங்கிருந்து வந்த தாய்மாரிடம் தனியே அமர்ந்து கேட்டவர்க்கு இது புதுச்செய்தி அன்று. 1990 அக்டோபரில் வடபுலத்து முசுலீம்கள், நாம் பேசும் அதே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர், எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர், வீடும் நிலமும் விட்டு விரட்டப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுத்த காலம் இரண்டு மணிநேரம். அதே ஆண்டு ஆகத்து 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இதனைக் கூறினால் சிங்களனுக்குத் துணைபோவது ஆகும் என்பர். யான் அவ்வாறு கருதவில்லை. இனக்கொலை செய்த அரசை உலகமன்றில் நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் நம் பக்கத்துக் குழந்தை அலறும் ஓசையை நம் பக்கத்து மன்னனிடம் கூறத் துணிவற்றவன், பகை மன்னனிடம் கூறும்போது அவன் சொல்லுக்கு எடை இராது. நெடுங்கிள்ளியிடம் அதனைக் கூறிய புலவரை நம் முன்னோர் பகைவனின் ஆள் என்று தள்ளவில்லை. அவர் பாட்டைத் தொகையில் சேர்த்துக் காத்தனர்.

குடிகாத்தல் ஈழத்துக்கு மட்டும் உரிய வேலையும் அன்று. நம் கோவையே 1997 நவம்பர் இறுதியில் என்ன ஆயிற்று? காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்தில் முசுலீம்கள் பதினெண்மர் மாண்டனர். 1998 பிப்பிரவரி 14 அன்று குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் தமிழே பேசும் இரு பிரிவார் ஒருவரையொருவர் அஞ்சிக் கதவடைத்துக் கிடந்தனர். எரிந்த கடைகளில் மணி பார்க்கும் அளவைக்கூட இனம் பேசும் நாம் அன்று தெருமுனையில் போய் நிற்கவில்லை. இயக்கம் என்பது இனி ஒருமுறை அவ்வாறு நேர்ந்தால், முதல் நாளிலேயே இரு பக்கத்து முதியோரையும் ஓரிடத்தில் அமர்த்தி, பொய்ச்செய்தியை உடனுக்குடன் மறுத்து, மருத்துவமனைக்குச் செல்வோர்க்குத் துணை செல்லும் அமைப்பாகவும் இருத்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. தெருவை அறிந்தவர் பத்துப்பேர் வேண்டும்.

ஏதிலி என்ற சொல்லைப் பலமுறை ஆண்டேன். அகதி வடசொல் என்று அதனை விலக்கி ஏதிலி என்று நாமே வழங்கினோம். எனினும் ஏதிலார் என்றால் அயலார், தொடர்பற்றார் என்றன்றோ வள்ளுவர் காலத்துப் பொருள்? பூலுவபட்டியிலும் பவானிசாகரிலும் அறச்சலூரிலும் முகாம்களில் வாழ்வோர் நமக்கு அயலாரா? புகல் வந்தோர் என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. சொல்லாய்வில் வல்ல தோழர்கள் ஆய்க. 2021 இல் தமிழ்நாட்டரசு அம்முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியது நன்றே. ஆனால் 2019 இல் தில்லி இயற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஈழத்தமிழர்க்கு இடமில்லை. இந்நாட்டிலேயே பிறந்து, நம் பள்ளிகளில் நம்மிடமே தமிழ் படித்து, நம் பிள்ளைகளைவிட நன்றாக எழுதும் பிள்ளைகளும் எந்நாட்டுக் குடியென்று கேட்டால் விடை கூற முடியாது நிற்கின்றனர்.

கிளிநொச்சியில் காணாமற் போனோரின் தாய்மார் 2017 பிப்பிரவரி 20 அன்று தெருவோரம் அமர்ந்தனர். ஆண்டுகள் பல கடந்தன. அவர்களுள் பலர் விடை பெறாமலே இறந்துபோயினர். இறக்கும் தாயோடு அவள் நினைவும் போய்விடுகிறது. மகன் எந்த நாளில், எந்த இடத்தில், எந்த நிறச் சட்டையோடு, எவரிடம் ஒப்படைக்கப்பட்டான் என்பது அவளுக்கன்றி வேறெவர்க்கும் தெரியாது. நம் முகாம்களிலும் அத்தகைய முதியோர் உளர். கொங்குநாட்டில் புலியோடு பொருது மாண்டவனுக்கும் ஊர்தோறும் கல் நட்டிருக்கிறோம். புலிகுத்திக்கல் என்று உழவர் இன்றும் காட்டுவர். ஆனிரை காத்த ஒருவனை மறவாத நிலத்தில், இம்முதியோரின் சொல் எழுதப்படாமல் போதல் ஆகாது.

எனவே ஒன்று செய்வோம். தமிழ்நன்கு எழுதவல்லார் இருவர் இருவராக, முகாம் வாழ்வோரின் ஒப்புதலும் உரிய அலுவலரின் இசைவும் பெற்று, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதுதல் வேண்டும். ஈழத்துப் பேச்சைத் திருத்தித் தூய்மையாக்கும் வேலை வேண்டா. தனித்தமிழ்ப் பற்றை அங்கே வாயிலில் விட்டுச் செல்க. எவர் செய்த கொடுமையாயினும் சொல்லியவாறே எழுதுக. சிங்களப்படை, இந்தியப்படை, புலிகள், பிற குழுவினர் என்று வேறுபாடு பாராதீர். பெயர் வெளியிட வேண்டா என்பாரின் பெயரை மறைத்து வைத்தல் வேண்டும். அவர்களின் உறவினர் இன்னும் அங்கு வாழ்கின்றனர். அழத் தொடங்கினால் எழுதுகோலை வைத்துவிடுக, மறுகிழமை செல்லலாம்.

கோடிட்ட சுவடிகள் நாற்பது வாயிலருகே மேசைமேல் உள்ளன. எழுத முன்வருவோர் தம் பெயரையும் ஊரையும் அங்கிருக்கும் தோழரிடம் பதிந்து, சுவடியைப் பெற்றுச் செல்லுமாறு வேண்டுகிறேன்.